இடது பக்கக் கதவு

ஜூன் 4, ஞாயிறு

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். "நம்ம கதையை ஒருநாள் எவனோ படமாக்கிப் பேரையும் வாங்கிக்குவான், பாத்துக்கிட்டே இரு" என்று மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே தார்ப்பாய்க் கடையில், இதே தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அப்போது பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. அது என் தப்பா?

காலையில் மேகலா ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். மேகலா என் தங்கச்சி மகள், இ-சேவை மையத்தில் வேலை.

"மாமா, சித்த மிஷினை நிறுத்துங்க. இதப் பாருங்க."

செல்போனில் ஒரு விளம்பரம். 'ராத்திரி லோடு' என்று புதுத் தொடராம், பதினாறாம் தேதி வருகிறதாம். ஒரு லாரி. மழை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கதாநாயகன் (எந்த டிரைவர் வெள்ளைச் சட்டை போட்டு வண்டி ஓட்டுகிறான்?) இறங்கி வந்து இடது பக்கக் கதவைத் திறக்கிறான். ஆளே இல்லாத ரோட்டைப் பார்த்து, "ஏறுங்கண்ணா" என்கிறான். புல்லாங்குழல் வாசிக்கிறார்கள். கடைசியில், 'உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்' என்று எழுத்து.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கதவு எங்களுடையது.

பிற்காலத்தில் இந்த டைரியைப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஃபேஸ்புக்கில் 'ஸ்டெப்னி சித்தப்பா' என்று ஒரு எழுத்தாளர் இருக்கிறார். லாரிக் கதைகள் எழுதுவார். லட்சம் பேர் படிக்கிறார்கள். (மேகலா நாற்பதாயிரம் என்பாள். சின்ன மனசு.) அந்தச் சித்தப்பா ஒரு ஆள் அல்ல, மூன்று பேர். கதை சொல்வது அர்த்தநாரியாகிய நான். ரோடு, டோல்கேட், ஹிந்திக்காரன் பேச்சு இதையெல்லாம் வண்டியில் இருந்தபடியே வாய்ஸ் மெசேஜில் அனுப்புவது டிரைவர் சின்ராசு. இரண்டையும் கலந்து, என் வீண் பேச்சை வெட்டி (அவள் சொல்லும் சொல் இது) எழுத்தாக்குவது மேகலா. எது யாருடையது என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. நான் எட்டாம் வகுப்பு. அந்தக் காலத்து எட்டு, இந்தக் காலத்து எம்.ஏ.

ஒவ்வொரு கதைக்கும் கீழே, 'அத்தனையும் சத்தியமாக நடந்தது' என்று போடுவோம். அந்த வரி என் யோசனை.

'ஏறுங்கண்ணா' எங்கள் கதைகளிலேயே பெரிய கதை. ரோட்டில் செத்துப்போன டிரைவரின் ஆவிக்கு ஊருக்கு வர வழி தெரியாது. பின்னால் வரும் நம்ம ஊர் வண்டிக்காரன் அந்த இடத்தில் நிறுத்தி, இடது பக்கக் கதவைத் திறந்து "ஏறுங்கண்ணா" என்று கூப்பிட வேண்டும். அந்த சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. நேராக அவர் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் திறந்து, "இறங்குங்கண்ணா, வீடு வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் ஒரு பழைய டிரைவர். எழுபத்தி ஆறில், நாக்பூர் ரோட்டில், ஒற்றைக்கண் பெரியவர். நேரில் சொன்னார்.

மதியத்துக்கு மேல் மிஷின் பெல்ட் அறுந்தது. எல்லாம் ஒரே நாளில்.

ஜூன் 5, திங்கள்

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது. நல்ல மரியாதையாகப் பேசியது. மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போடுவது ரொம்பக் கஷ்டம்.

"நீங்கதான் ஸ்டெப்னி சித்தப்பாவா சார்?"

"நாங்க மூணு பேருங்க."

"மூணு பேரா? அப்ப சித்தப்பான்னு யாரும் இல்லையா?"

"இல்லாம எப்புடிம்மா? நாங்க மூணு பேரும் சேந்தா அவருதான்."

"ஓகே சார். நீங்களே ஒவ்வொரு கதையிலயும் உண்மையா நடந்ததுன்னு போட்டிருக்கீங்களே. நடந்ததை யாரு வேணா எடுக்கலாம் இல்லையா? இது லாரிக்காரங்க வழக்கம்னு எங்க ரிசர்ச் டீம் சொல்லுது."

"உங்க டீமு எந்த லாரியில ஏறிச்சு? எனக்குச் சொன்ன பெரியவரு யாருன்னு தெரியுமா? எழுபத்தி ரெண்டுல, ராய்ப்பூர் மலைப்பாதையில, கொட்டுற மழையில..."

"சூப்பர் சார். அப்ப நீங்களும் கேள்விப்பட்டதுதான்."

போனை வைத்த பிறகுதான் அந்தப் பெண் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று விளங்கியது. வாய்ப்பேச்சில் என்னை மடக்கியவர் இந்த ஜில்லாவில் கிடையாது. இன்றைக்கு எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. அதனால்தான்.

ஜூன் 7, புதன்

சின்ராசு லோடு இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்தான். குளிக்கக்கூட இல்லை. விளம்பரத்தை நாலு தரம் பார்த்தான்.

"என்னுங்ணா இது, என்ற வாயில வந்ததை அப்புடியே எடுத்துட்டானுக. 'மழைத் தண்ணி டோல்கேட் லைட்டுல கம்பி கம்பியா தெரிஞ்சுது'ன்னு நான் போட்ட வாய்ஸு. அதையும் காட்டுறானுங்ணா!"

"கதவு என்னுது," என்றேன்.

"கதவைச் சொல்றது இருக்கட்டும், ரோடு என்னுது."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் மேகலா. "யாரு எதுன்னு சொல்ல மாட்டோம்னுதானே ஆரம்பிச்சோம்? எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங் மாமா வேணும். படம் தொடங்கறப்ப 'கதை: ஸ்டெப்னி சித்தப்பா'ன்னு ஒரு வரி. காசு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மூணு வருசமா மத்தியானச் சோத்து நேரத்துல உட்காந்து டைப் அடிச்சேன். எங்கம்மா இன்னும் நான் போனை நோண்டிட்டிருக்கறதா நெனைக்குது."

அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் தார்ப்பாயில் கயிறு கோக்கும் கண் அடிப்பதில் மும்முரமாக இருப்பது போல் சத்தமாகச் சுத்தியலைப் போட்டேன்.

சின்ராசு போகும்போது, "ஒருக்கா எங்கூட வண்டியில வாங்களேண்ணா, அந்த நாக்பூர் ரோட்டை நீங்களும் மறுபடி பாக்கலாம்," என்றான். வேண்டாம் என்றேன். பக்கத்திலிருக்கிற சங்ககிரியைத் தாண்டினாலே எனக்கு வாந்தி வரும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

ஜூன் 8, வியாழன்

பெல்ட் மாற்றினேன். கோபம் மாறவில்லை.

ஜூன் 12, திங்கள்

டி.வி.யில் ஒரு பேட்டி. தொடரை எடுத்தவர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு ஆராய்ச்சியாளர், தாடி. இந்தக் கதவு திறக்கிற வழக்கம் முந்நூறு வருஷப் பழமையாம். மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே வருகிறதாம்.

மாட்டுவண்டிக்கு ஏதுடா இடது பக்கக் கதவு?

நான் எழுந்து டி.வி.யைப் பார்த்துக் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். முந்நூறு வருஷமாம்! அந்த மனுஷன் வாயைத் திறந்ததும் முந்நூறு வருஷம் வந்துவிட்டது. கூச்சநாச்சம் இல்லாமல் இப்படி அடித்துவிட ஒரு தைரியம் வேண்டும். எங்களிடம் இல்லாத தைரியமா? ஆனால் எங்கள் பேருக்குக் கீழேதானே அடித்துவிடுகிறோம். கடைசியில், "இது மக்கள் சொத்து, பேரில்லாத மக்களோட படைப்பு," என்றார். எங்களுக்குப் பேர் இருக்கிறது. ஒன்று போதாதென்று மூன்றோடு ஒன்று, நாலு இருக்கிறது.

ஜூன் 16, வெள்ளி

'ராத்திரி லோடு' வந்துவிட்டது. பாவாயி மெஸ்ஸில் போட்டார்கள். டிரைவர்கள் கூட்டம் வாசல் வரை.

பாவாயி யார் என்று எழுதவேண்டும். நம் ஊர் டிரைவர் குழந்தைவேலுவின் சம்சாரம். குழந்தைவேலு போன வருஷம் நாக்பூர் தாண்டி, வண்டியை ஓரம்கட்டி ஸ்டியரிங் மேலேயே சாய்ந்தவன், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. உடம்பு ஆம்புலன்ஸில் வந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் சின்ராசு தன் லாரியை அவன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இடது பக்கக் கதவைத் திறந்து, "இறங்குங்கண்ணா, வீடு வந்தாச்சு" என்றான். எங்கள் கதையைப் படித்தபின் இந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லோருமே அப்படிச் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். அதுவரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்த பாவாயி அன்றைக்குத்தான் எழுந்து வந்தாள். கையை நீட்டினாள். யாரையோ பிடித்து இறக்குவது போல் இறக்கி உள்ளே கூட்டிப்போனாள். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது.

தொடரில் அந்தக் கட்டம் வந்ததும் மெஸ்ஸே அமைதியாகிவிட்டது. பாவாயி கரண்டியோடு நின்று பார்த்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து, "பாத்தீங்ளாண்ணா, எங்கூட்டுக்காரரு வந்த மாதிரியே எடுத்திருக்கறாங்க," என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

தார்ப்பாயை மட்டும் வேட்டி மாதிரித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் குமாரபாளையம் போவதற்குள் பறந்துவிடும். திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 19, திங்கள்

வக்கீல் தியாகசுந்தரத்தைப் பார்த்தோம். மூன்று பேரும் போனோம். நாற்காலி இரண்டுதான். சின்ராசு நின்றான்.

வக்கீல் எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தை முழுசாகப் படித்திருந்தார். ரசிகராம். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி கழற்றுகிற வக்கீல் நல்ல சேதி சொல்லமாட்டார் என்று நான் முன்பே நினைத்தேன்.

"நடந்த விஷயத்துக்கு யாரும் உரிமை கேக்க முடியாதுங்க. ஊர் வழக்கத்துக்கும் கேக்க முடியாது. நீங்க இட்டுக்கட்டுனதுக்குத்தான் கேக்கலாம். அந்தக் கதவு விஷயம் யாரோட கற்பனை?"

நான் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டினேன்.

"ஒரே ஒரு வாக்குமூலம் போதும். 'இந்த வழக்கம் எங்கேயும் இருந்ததில்லை, எங்கள் கற்பனை.' அப்புடிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா அவங்களை நான் உட்கார விடமாட்டேன். முந்நூறு வருசம்னு சொன்னாரே, அவரையும் சேத்து."

"இல்லீங்க சார்," என்றேன். "எனக்கு ஒரு பெரியவரு சொன்னதுங்க. அவரு உசுரு என்ற மடியிலதான் போச்சு."

மேகலா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். சின்ராசும் பார்த்தான். வெளியே வந்ததும் மேகலா கேட்டாள்.

"மடியிலங்களா மாமா? போன தடவை டீக்கடையில பாத்தேன்னீங்க?"

"டீக்கடையிலயும் பாத்தேன்."

"நெசமா ஒருத்தரு இருந்தாருங்ளா?"

"என்ன கேள்வி கேக்கற கண்ணு நீ!" என்று சத்தம் போட்டேன். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாய்மாமனை நம்பாத காலம் வந்துவிட்டது.

ஜூன் 24, சனி

வக்கீல் முதலில் ஒரு நோட்டீஸ் மட்டும் அனுப்பியிருந்தார். அதற்குக் கம்பெனியிடமிருந்து பதில். கூடவே ஒரு வீடியோ.

வீடியோவில் பாவாயி.

அவள் மெஸ்ஸில், சாம்பார் குண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறாள். யாரோ வந்து நல்லதனமாகக் கேட்டிருக்கிறார்கள். "ஆமாங்க, எங்க பக்கம் அப்புடித்தானுங்க. எங்கூட்டுக்காரரு வந்தாருங்க. நானே கை புடிச்சு எறக்குனேங்க." அவ்வளவுதான். இது நடந்த வழக்கம், இதோ சாட்சி என்று கம்பெனி சொல்கிறது.

இதைவிட அக்கிரமம் உண்டா? எங்கள் கதையை எடுத்தார்கள், பொறுத்தேன். (பொறுக்கவில்லை.) பேரை அழித்தார்கள். இப்போது ஒரு பொம்பளையின் துக்கத்தைக் கொண்டுவந்து எங்களுக்கு எதிரில் நிறுத்துகிறார்கள். நாங்கள் 'கற்பனை' என்று கையெழுத்துப் போட்டால் அவள் பொய்க்காரி. போடாவிட்டால் நாங்கள் ஒன்றுமே இல்லாதவர்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவன் மட்டும் இரண்டிலும் தப்பித்துக்கொள்வான். நாக்பூர் ரோட்டில் அவன் வண்டி பஞ்சராகட்டும். ஸ்டெப்னியும் பஞ்சராக இருக்கட்டும்.

மத்தியானம் சாப்பிடவில்லை. சாயந்திரம் இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

சின்ராசு வந்தான். உட்காரவில்லை.

"அண்ணா, நீங்க என்ன வேணாப் பண்ணுங்க. ஆனா ஒண்ணு. குழந்தைவேலண்ணன் செத்த எடத்துல வண்டியை நிறுத்தி, கதவைத் தொறந்து, ஏறுங்கண்ணான்னு கூப்புட்டேன் பாருங்க, அப்ப எனக்கு மயிர்க்கூச்செடுத்துதுங். ஊரு வர்ற வரைக்கும் அந்த சீட்டுல ஒரு துண்டைக்கூட நான் போடல. பீடிகூடப் பத்த வெக்கல, அண்ணனுக்குப் பீடிப் புகை ஆகாதுன்னு. அது பூராம் பொய்யின்னு எழுதிக் குடுத்தா, நான் பாவாயக்கா வாசல்ல போயி டிராமா போட்டனுங்ளா?"

"யாருடா பொய்யின்னு சொன்னா?"

"ஆரும் சொல்லலீங். அதான் கேக்கறேன்."

அவன் போனபின் தைத்த தையல் கோணலாகப் போனது. பிரித்துத் தைத்தேன். மறுபடியும் கோணல்.

ஜூன் 28, புதன்

மேகலா கறாராகச் சொல்லிவிட்டாள். "நாளைக்குக் கையெழுத்துப் போடுங்க மாமா. பாவாயக்காகிட்ட முன்னாடியே போயி நீங்களே சொல்லிருங்க. ஆரோ சொல்லித் தெரியறதுக்கு நீங்க சொல்றது மேலு. எம்பேரு எங்கயும் வரவேண்டாம். சித்தப்பா பேராச்சும் வரட்டும்." அவள் கேட்பது நியாயம். இந்த உலகத்தில் என்னால் இல்லை என்று சொல்ல முடியாத ஒரே ஆள் அவள்தான்.

மூன்று மணிக்கு, சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் மெஸ்ஸுக்குப் போனேன். பாவாயி மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. தண்ணி குடிங்க. நானே உங்களை வந்து பாக்கோணும்னு இருந்தேன்."

"எனக்கும் ஒண்ணு சொல்லோணும் பாவாயி."

"நான் மொதல்ல சொல்லிர்றனுங்க. ஞாயித்துக்கெழமை அவருக்கு வருச திதி. இலை போடறேன். அவரு பக்கத்துல இன்னொரு இலையும் போடலாம்னு இருக்கறேங்க."

"யாருக்கு?"

"உங்களுக்கு இந்தக் கதவு சமாச்சாரம் சொன்னாரே, அந்தப் பெரியவருக்குத்தான். அவரு சொல்லாட்டி எங்கூட்டுக்காரரு இன்னும் அந்த ரோட்டுலயே நின்னுட்டிருப்பாரு. அந்தப் பெரியவருக்கு ஆரு இலை போடறாங்களோ என்னமோ. அவரு பேரு என்னங்ணா?"

நான் சொல்ல வந்ததைத் தொண்டை வரை கொண்டுவந்துவிட்டேன். இது நிச்சயம். சொல்லவே வாயைத் திறந்தேன்.

"கைலாசம்," என்றேன்.

"எந்த ஊருங்?"

"பரமத்திப் பக்கம்."

"என்ன சாப்புடுவாருங்?"

"கொள்ளுப் பருப்பு. காரம் தூக்கலா, கோழி வறுவல்."

"நல்லதுங்க. நீங்களும் வந்துருங்க. அவருக்குன்னு வேற ஆரு இருக்கறா, நீங்கதான் தண்ணி விடோணும்."

வீட்டுக்கு வந்தபின் வக்கீலுக்குப் போன் போட்டு, கையெழுத்து இல்லை என்று சொன்னேன். "பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்டுட்டேன்னு கம்பெனிக்குச் சொல்லிருங்க," என்றேன். மன்னிக்கவில்லை. செத்தாலும் மாட்டேன்.

மேகலாவுக்குப் போன் போடவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

இரண்டு இலை போட்டிருந்தாள். சின்ராசும் வந்தான். மேகலா வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்து சுவரோரமாக நின்றாள். என்னோடு பேசவில்லை.

பாவாயி முதல் இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அழுதாள், ஆனால் போன வருஷத்து அழுகை இல்லை. பிறகு இரண்டாவது இலைக்கு முன்னால் வந்து, "கைலாசண்ணா, வயிறாரச் சாப்புடுங்க. எங்கூட்டு வாசலுக்கு அவரைச் சேத்துனீங்க," என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் செம்பை வாங்கி இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டேன். பாதித் தண்ணீரை என் வேட்டியில் ஊற்றிக்கொண்டேன். சர்க்கரைதான்.

நிமிர்ந்தபோது மேகலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இலையைப் பார்த்தாள். கோழி வறுவலைப் பார்த்தாள். என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கொள்ளுப் பருப்போடு கோழி வறுவல் கேட்கிற ஆள் யார் என்று.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பக்கத்தில் வந்தாள்.

"வக்கீல் எனக்கும் போன் பண்ணுனாருங் மாமா. 'உங்க மாமா மாட்டேங்கறாரு, நீங்க போடறீங்ளா'ன்னாரு. நானும் வேண்டாம்னுட்டேன்."

"உனக்கு எதுக்குக் கண்ணு..."

"பேசாதீங்க. எனக்கு இன்னும் ஆத்தரம் தீரல. ஒரு வரி. ஒரே ஒரு வரி போட்டிருந்தா அவனுகளுக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தாடிக்காரன் முந்நூறு வருசம்னு சொல்லிட்டுத் திரியறான்."

"நாம நானூறுன்னு சொல்லிக்கலாம்," என்றேன்.

சிரிக்கவில்லை. ஆனால் என் துண்டில்தான் கையைத் துடைத்தாள்.

ஜூலை 3, திங்கள்

மழை. தார்ப்பாய்க்கு ஆள் மேல் ஆள். கடையை மூடியபின் இதை எழுதுகிறேன்.

கைலாசம் என்று ஒருவர் கிடையாது. ஒற்றைக்கண் பெரியவரும் இல்லை, ராய்ப்பூர் மழையும் இல்லை. என் மடியில் எந்த டிரைவரும் சாகவில்லை. கொரோனாச் சமயம். போன இடத்தில் செத்த டிரைவர்களின் உடம்பு ஊருக்கு வராமலே போன மாதங்கள் அவை. மேகலா போனில், "இந்த வாரத்துக்குக் கதை இல்லீங்ளா மாமா?" என்று கேட்டாள். என்னிடம் ஒன்றும் இல்லை. கடைக்கு எதிரில் ஒரு லாரி வாரக்கணக்காக நின்றது. ஆள் இல்லை. இடது பக்கக் கதவு தாழ் கழன்று திறந்தே தொங்கியது. யாரோ ஏறட்டும் என்று காத்துக் கிடக்கிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இருக்குது கண்ணு, ஒரு பெரியவரு சொன்னது," என்று ஆரம்பித்தேன்.

கதவு மட்டும்தான் கண்ணால் பார்த்தது. பெரியவரை நான்தான் இட்டுக்கட்டினேன்.